வாட்ச்சைத் தட்டிப் பணம் கட்டிய எட்டு மாதம்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகலூரில் அம்மாவைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் மழை. அடிவாரம் தாண்டி ஊரை நெருங்கும்போது பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. வழியில் இருந்த பங்கில் நிறுத்தி முந்நூறு ரூபாய்க்குப் போடச் சொன்னேன். போன் எங்கே? ரெயின்கோட்டுக்குள் சுடிதார், சுடிதார் பையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் போன். ஒருவழியாக வெளியே எடுத்தால் விரல் ரேகை ஏறவில்லை. கை அவ்வளவு ஊறிப் போயிருந்தது. நம்பர் போட்டுத் திறக்கலாம் என்றால் திரையில் விழுகிற சொட்டெல்லாம் விரல் வைத்த மாதிரி எதை எதையோ அமுக்குகிறது. பங்கில் இருந்த தம்பி தன் தொப்பியைக் கழற்றி என் போனுக்குக் குடையாகப் பிடித்தான். “பரவாயில்லீங்கக்கா, மெதுவா போடுங்க” என்றான். பின்னால் நின்ற வண்டிக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

அந்த வாரமே வாட்ச் வாங்கினேன். கார்டு மெஷினில் தட்டினால் பணம் போகிற வாட்ச்.

சேலம் அஸ்தம்பட்டியில் பதினாறு வருஷமாக மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். பணம் கொடுப்பவளாகவும் வாங்குபவளாகவும் இந்த விஷயத்தை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதலாம் என்று தோன்றியது. வாட்ச்சின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகிற நல்லதும் கெட்டதும் ஒரு கம்பெனியோடு நிற்பவை அல்ல. தட்டிப் பணம் கட்டுகிற எந்த வாட்ச்சுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், கடைக்கு வருகிறவர்கள் தினம் கேட்பதால். “வாட்ச்ல ஜிபே பண்ணலாமாங்க?” என்கிறார்கள். இது ஜிபே மாதிரி ஸ்கேன் செய்வது இல்லை. வாட்ச்சுக்குள் என்.எஃப்.சி என்று ஒரு சின்ன சிப் இருக்கிறது. நம் பேங்க் கார்டை அந்த வாட்ச்சின் ஆப்பில் சேர்த்து, ஓடிபி போட்டு உறுதி செய்தால், கார்டு நம்பருக்குப் பதிலாக டோக்கன் என்று வேறொரு நம்பர் சிப்பில் உட்காரும். ஸ்வைப் மெஷின் பக்கத்தில், நாலைந்து சென்டிமீட்டருக்குள் கையைக் கொண்டுபோனால் இரண்டும் பேசிக்கொள்ளும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புது ரகசிய எழுத்துக்கோவை உண்டாகிறது. அதை யாராவது பிடித்து வைத்தாலும் இன்னொரு தடவை உபயோகப்படாது. கார்டைத் தட்டுகிறோமே, அதே வேலைதான். கார்டுக்குப் பதில் கை.

ஆகவே எங்கே ஸ்வைப் மெஷின் இருக்கிறதோ அங்கேதான் வாட்ச்சுக்கு வேலை. சுவரில் ஒட்டிய க்யூஆர் அட்டையின் முன்னால் இந்த வாட்ச் நேரம் மட்டும்தான் காட்டும். அந்த அட்டைக்குக் கேமராவும் நெட்டும் வேண்டும், அதாவது போன் வேண்டும். வாங்குவதற்கு முன் இது ஒன்றை எனக்கு யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைக்காரர் “பேமென்ட் எல்லாம் வரும் மேடம்” என்றுதான் சொன்னார். அவர் முதலில் எடுத்துக் காட்டிய வாட்ச்சில் வந்த பேமென்ட், நம் க்யூஆரைத் திரையில் காட்டிப் பிறரிடம் காசு வாங்கிக்கொள்கிற வசதி. சிப்பே கிடையாது. நீங்கள் போனால் இரண்டே கேள்வி கேளுங்கள்: கார்டு மெஷினில் தட்டினால் பணம் போகுமா, என் பேங்க் கார்டு இதில் சேருமா. இரண்டாவது கேள்வியை நான் கேட்கவில்லை. என் சம்பாத்தியம் முழுக்க விழுகிற பேங்கின் கார்டை ஆப் ஏற்றுக்கொள்ளவே இல்லை. வேறொரு பேங்கில் சும்மா கிடந்த கணக்கைத் தூசி தட்டி, மாதா மாதம் அதில் பணம் மாற்றிப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். தொல்லைதான். ஒரு லாபமும் உண்டு. கையில் கட்டியிருக்கிற கணக்கில் பத்தாயிரத்துக்கு மேல் எப்போதும் இருப்பதில்லை.

மாசி மாதம் ஒரு காரியம் செய்தேன். கடையில் ஸ்டாக் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில், முப்பது நாள் நான் எங்கே எப்படிப் பணம் கொடுத்தேன் என்று கோடு போட்டு வைத்தேன். மொத்தம் 94 தடவை. ரொக்கமாக 17. க்யூஆர் ஸ்கேன் செய்தது 58. வாட்ச்சால் தட்ட முடிந்தது 19. பூக்காரம்மா, கீரைக்காரர், டீக்கடை, பேக்கரி, ஆட்டோ, பஞ்சர் கடை, கன்னங்குறிச்சியில் வீட்டுக்குப் பக்கத்து மளிகை எல்லாமே அட்டைதான். பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட், ஐந்து ரோடு பக்கம் துணிக்கடை, மகன் கண் டெஸ்டுக்குப் போன இடம், ஒரு ஓட்டல், இவைதான் வாட்ச்சின் கணக்கில் வந்தவை. ஐந்தில் ஒரு பங்குதான் என்று முதலில் மனசு சுணங்கியது. ரூபாயைக் கூட்டிப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. நான் செலவு செய்த பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அந்த 19 தடவையில் போயிருந்தது. சில்லறைச் செலவெல்லாம் அட்டையில், பெரிய செலவெல்லாம் மெஷினில்.

ஏன் இப்படி என்று கேட்டால் அதற்குப் பதில் கல்லாவின் இந்தப் பக்கம் நிற்கிற எனக்குத் தெரியும். யுபிஐ 2016-இல் வந்தது. அந்த நவம்பரில் ஐநூறு ஆயிரம் நோட்டு செல்லாது என்றானதும் மருந்துச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சில்லறை இல்லாமல் நின்ற ஜனங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் போனுக்கு வந்தார்கள். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பது நின்றது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு அப்படி இல்லை. வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் வியாபாரம் உள்ள கடைக்கு நூற்றுக்கு 90 காசு வரை, அதற்குக் குறைந்த கடைக்கு 40 காசு வரை பிடிக்கலாம் என்று 2018 முதல் ரிசர்வ் பேங்க் விதி. கிரெடிட் கார்டுக்கு இன்னும் அதிகம். என் கடையில் ஒருவர் 3000 ரூபாய்க்கு மருந்து வாங்கி அந்த மாதிரி டெபிட் கார்டில் கட்டினால் எனக்கு 27 ரூபாய் வரை போகும். நான் தாங்கிக்கொள்கிறேன். அதோடு மெஷினுக்கு மாத வாடகை, பேப்பர் ரோல், சார்ஜர், சிம். பதினைந்து ரூபாய் டீக்கு ஆறு காசு கமிஷன் பெரிய விஷயம் இல்லை. மெஷின் வாடகை பெரிய விஷயம். அட்டைக்கு வாடகை இல்லை. காசு வந்தவுடனே பக்கத்தில் வைத்த சவுண்ட் பாக்ஸ் பெட்டி சத்தமாகச் சொல்லிவிடுகிறது. சேலத்தில் தட்டுவடை செட் போடுகிற ஒரு தள்ளுவண்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் தட்டுவடை, அதன் மேல் இரண்டு சட்னி, பீட்ரூட் கேரட் துருவல், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை வைத்து மூடி, அதற்குள் அடுத்த ஆள் “அண்ணே எனக்கு ஒரு செட்டு, காரம் தூக்கலா” என்கிறார். அந்தச் சட்னிக் கையால் மெஷினை எடுத்துத் தொகை அமுக்கி நீட்டிக்கொண்டிருக்க முடியுமா? அவருக்கு அட்டையும் பெட்டியும்தான் சரி. அவரிடம் போய் “மெஷின் இல்லையா” என்று கேட்பது நியாயமே இல்லை.

இனி நேருக்கு நேர் ஒப்பிட்டுச் சொல்கிறேன். போனில் பணம் கட்ட இரண்டு வழி இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஸ்கேன். இன்னொன்று, என்.எஃப்.சி உள்ள போன் என்றால், வாட்ச் மாதிரியே போனின் முதுகை மெஷினில் தட்டுவது. இந்த இரண்டாவது வழியை நம் ஊரில் ரொம்பப் பேர் தொடுவதே இல்லை, போனில் வசதி இருந்தும். நான் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

வேகத்தில் வாட்ச்தான். ஆனால் சாதாரண நாளில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. போனைத் திறந்து தட்ட ஐந்தாறு நொடி, வாட்ச்சில் மூன்று நான்கு நொடி. இதற்காகக் காசு செலவு செய்ய வேண்டாம். வித்தியாசம் தெரிவது கை சும்மா இல்லாத நேரத்தில். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு கையில் பத்துக் கிலோ அரிசிப் பை, மறு கையில் பால் பாக்கெட். மழை. கடையில் சானிடைசர் போட்டு ஈரம் காயாத விரல். மாவு பிசைந்துகொண்டே கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவு திறக்கிற நேரத்தையும் இதில் சேர்ப்பேன், ஆனால் அவரும் க்யூஆர்தான் நீட்டுகிறார். கார்த்திகையில் மறுபடி ஒரு மழை நாள், வேறொரு பங்கில் ரெயின்கோட்டின் இடது கையை இரண்டு விரல் அளவு மேலே இழுத்துவிட்டு மெஷினிடம் நீட்டினேன். பீப் என்றது. சீட்டு வந்தது. வண்டியிலிருந்து காலைக்கூட ஊன்றி இறங்கவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்கு வாட்ச் போட்ட காசு எனக்கு வசூலாகிவிட்டது.

போன் சார்ஜ் இறங்கி அணைந்திருந்தாலும் என் வாட்ச் தட்டினால் பணம் போகிறது. நெட் வேலை மெஷினுடையது, வாட்ச்சுடையது இல்லை. கோடை விழாவுக்குக் கூட்டம் ஏறிய மே மாதத்தில் ஏற்காட்டில் இது நன்றாகத் தெரிந்தது. ஏரிப் பக்கம் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்கேன் ஆனது, பணம் போகவில்லை, மறுபடி முயன்றால் “ப்ராசஸிங்”. மெஷின் வைத்திருந்த ஓட்டலில் அவர்களுடைய வைஃபையில் தட்டிவிட்டு வெளியே வந்தேன். ஆனால் அதே நாள், மலையின் அடுத்த பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாகலூருக்குத் திரும்புகிற வழியில் அம்மாவுக்கு அரைக் கிலோ மிளகும் ஒரு பலாவும் வாங்கினேன். கடை என்றால் ரோட்டோரத்தில் நாலு குச்சியும் ஒரு தார்ப்பாயும். அட்டை மாட்டியிருந்தது. என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. பையில் நூற்று முப்பது ரூபாய். கையில் வாட்ச், அதற்குள் எட்டாயிரம் ரூபாய் இருக்கிற கணக்கு, அதை எடுக்க வழி இல்லை. அந்தம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ரைட்டர் மக தானுங்களே நீங்க? எடுத்துட்டுப் போங்க, வர்ற ஞாயித்துக்கெழம குடுங்க” என்றார். அப்பா எஸ்டேட்டில் ரைட்டர் வேலை பார்த்து இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. மறு ஞாயிறு ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று முதல் ஹேண்ட்பேக்கின் உள் ஜிப்பில் ஐநூறு ரூபாய் நோட்டு ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், மலைக்குப் போகும்போது தவிர அதைத் தொடுவதில்லை என்று வைராக்கியம்.

பெண்களுக்காக ஒன்று. வளையல். இதை எந்த விமர்சனத்திலும் நான் பார்க்கவில்லை. இடது கையில் வாட்ச்சும் இரண்டு தங்க வளையலும் போடுகிறேன். மெஷினுக்கு ஆன்டெனா எந்த இடத்தில் இருக்கிறது என்பது மெஷினுக்கு மெஷின் மாறுகிறது. சிலதில் திரைக்கு மேலேயே, சிலதில் தலைப்பக்கம், சிலதில் பக்கவாட்டில். நாலு வளைந்த கோடு போட்ட சின்னத்தைத் தேடி அங்கே வைக்க வேண்டும். வாட்ச்சின் முகம் அந்தச் சின்னத்தைப் பார்க்க வேண்டுமே என்று கையைக் கவிழ்த்தால் வளையல் முன்னால் சரிந்து விழுந்து நடுவில் நிற்கிறது. இரண்டு தடவை அப்படியே மெஷின் எடுக்காமல் போனது. இப்போது வலது கையால் வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிப் பிடித்துக்கொண்டுதான் தட்டுகிறேன். கண்ணாடி வளையல் போட்டிருந்தால் சிக்கல் இல்லை, சத்தம் மட்டும்தான்.

இன்னொரு சிரமம், பெரும்பாலான கடைகளில் மெஷின் நமக்கு வலது பக்கம் இருக்கிறது. ஒயரும் குட்டை. இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்த் திருப்ப வேண்டியிருக்கிறது. போனை எந்தக் கையிலும் பிடிக்கலாம், நீட்டலாம், கேஷியரிடமே கொடுக்கலாம். கையைக் கழற்றிக் கொடுக்க முடியாதே.

ஒரு தடவை பணமும் மாட்டிக்கொண்டது. தை மாதம் ஒரு பங்கில் 500 ரூபாய்க்குப் போட்டுத் தட்டினேன். பீப் என்றது, மெஷினில் லைன் போய்விட்டது, சீட்டு வரவில்லை. என் போனுக்குப் பணம் எடுத்ததாக மெசேஜ் வந்துவிட்டது. பங்கில் இருந்தவர் வரவில்லை என்கிறார், அவர் மேல் தப்பு இல்லை, அவர் மெஷினில் வரவில்லைதான். போனில் ஸ்கேன் செய்து இன்னொரு 500 கொடுத்துவிட்டு வந்தேன். மெஷினில் இப்படி நடந்தால் ஐந்து நாளுக்குள் பேங்க் தானாகவே பணத்தைத் திருப்பிப் போட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் நமக்குத் தர வேண்டும் என்று 2019-இலேயே ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கிறது. கடையில் கஸ்டமர்களுக்கு நான் சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம். நாலாவது நாள் வந்தது. மெசேஜை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

“கூட்டத்துல யாராச்சும் மெஷின கிட்ட கொண்டாந்து தட்டிட்டா என்னங்க பண்றது?” இது என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் நின்றுகொண்டு நானும் இதை யோசித்திருக்கிறேன். என் வாட்ச்சைக் கட்டியவுடன் நாலு இலக்க நம்பர் போட வேண்டும். கையிலிருந்து கழற்றினால் உடனே பூட்டிக்கொள்கிறது. திருடிக்கொண்டு போனாலும் தட்ட முடியாது. கார்டில் இந்தப் பூட்டு இல்லை, யார் கையில் கிடைத்தாலும் தட்டலாம். அந்த வகையில் வாட்ச்சும் போனும் கார்டைவிட நல்லது. கையில் கட்டியிருக்கும்போது யாராவது தட்டினால்கூட, பின் நம்பர் இல்லாமல் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5000 ரூபாய்தான். 2021 ஜனவரி 1 வரை அது 2000-ஆக இருந்தது. கொரோனா சமயத்தில் மெஷினின் பட்டனைத் தொட ஜனங்கள் பயந்து, பேனா முனையால் அமுக்கிய காலம் அது. உயர்த்தியது எவ்வளவு உதவியது என்பது எனக்குத் தெரியும். அந்த 5000-ஐயும் நம் பேங்க் ஆப்பில் போய் நாமே குறைத்துக்கொள்ளலாம், தட்டுகிற வசதியையே நிறுத்தியும் வைக்கலாம். நான் 3000 என்று வைத்திருக்கிறேன். வாட்ச் தொலைந்தால் அதிலுள்ள டோக்கனை மட்டும் நீக்கலாம், கார்டு அப்படியே இருக்கும். நமக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் அன்றைக்கே பேங்குக்குச் சொல்லிவிட்டு 1930-க்குப் போன் போடுங்கள். நம் தப்போ பேங்கின் தப்போ இல்லாமல் வெளியாள் எடுத்தது என்றால், மெசேஜ் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது என்பது விதி. நாள் கடத்தினால் கடத்தியவர் தலையில் விழும்.

சார்ஜ் விஷயம்: மூன்று நாள் வருகிறது. வாட்ச் அணைந்தால் பணமும் இல்லை. அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் இருக்கிற என் அண்ணன் மகளுக்கு நான் சொல்கிற எதுவும் புரியவில்லை. அங்கே பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் கையை மெஷினில் காட்டுகிறாள், எம்.ஆர்.டி ரயிலிலும் அதேதான். அவளுக்கு வாட்ச் போதும், போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனாலும் நாள் ஓடிவிடும். எனக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது, 2021-இலிருந்து பெண்களுக்கு இலவசம். மற்றபடி இங்கே போன் இல்லாமல் வாட்ச்சை நம்பி வீட்டை விட்டு இறங்க முடியாது. நான் ஒரு தடவை முயன்றேன், ஒரு முழம் மல்லிகைப் பூ வாங்க முடியாமல் திரும்பி வந்தேன்.

சின்னத் தொகைக்குத் தான் உங்களுக்குப் பொறுமை போகிறது என்றால் வாட்ச்சுக்கு முன்னால் போனில் யுபிஐ லைட், அதாவது யுபிஐ ஆப்புக்குள்ளேயே இருக்கிற சின்ன பர்ஸ், போட்டுப் பாருங்கள். காசே செலவில்லை. ஒரு தடவைக்கு 1000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது, 5000 வரை அதில் போட்டு வைக்கலாம். பேங்க் பாஸ்புக்கில் டீயும் வடையுமாக நூறு வரி ஓடாமல் ஒரே வரியாக நிற்கும். பூக்கடையில் இதுதான் என் வழி இப்போது. வாட்ச் வாங்கலாமா என்று என்னைக் கேட்ட ஐந்து பேரில் நாலு பேருக்கு இதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

ஐந்தாவது ஆள் வேறு. அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

எழுபதைத் தாண்டியவர். ஏழெட்டு வருஷமாக என் கடையில்தான் மாத்திரை வாங்குகிறார். பார்க்கின்சன். மாதா மாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் சேர்த்து பில் நாலாயிரத்தை ஒட்டி வரும். மகன் வெளியூரில். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கடையில் நல்ல கூட்டம், போனை எடுத்து ஸ்கேன் செய்ய ஆரம்பித்தார். கை நடுங்கியதில் அட்டை கட்டத்துக்குள் நிற்கவில்லை. நான் அட்டையைக் கையில் எடுத்துப் போனுக்கு ஏற்ற மாதிரி ஆட்டிப் பிடித்தேன். ஸ்கேன் ஆகிவிட்டது. தொகை நான் சொல்லச் சொல்ல அமுக்கினார். பின் நம்பர் வந்தபோது போனை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு திரும்பி நின்றார். ஒரு எண்ணை அமுக்கினால் விரல் இரண்டு தடவை படுகிறது. தப்பு. மறுபடி. தப்பு. மூன்றாவதும் தப்பு. யுபிஐ அன்றைக்கு முழுக்கப் பூட்டிக்கொண்டது. பின்னால் நின்றவர்களைப் பார்த்து, “மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க” என்றார். வாத்தியாராக இருந்தவர் அவர். அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. “சார், காசு எங்கீங்க ஓடிப்போகுது, நீங்க எடுத்துட்டுப் போங்க” என்று பையைக் கையில் கொடுத்தேன். “இல்லம்மா, கடன் வெச்சுப் பழக்கமில்ல” என்று வீட்டுக்குப் போய்ப் பணத்தோடு திரும்பி வந்தார், அந்த வெயிலில், அந்த நடையோடு.

என் வாட்ச்சைக் காட்டி அவருக்கு விளக்கினேன். பர்ஸிலிருந்து கார்டை உருவி எடுப்பதே அவருக்குப் பெரும்பாடு, இரண்டு தடவை கீழே போட்டிருக்கிறார். விடுமுறைக்கு வந்த மகன் அவருடைய பேங்க் கார்டு சேருகிற வாட்ச்சாகப் பார்த்து வாங்கி, தினம் காலையில் கட்டிவிடும்போது அந்த நாலு இலக்க நம்பரை அவர் மனைவி போடுகிற மாதிரி பழக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் வரை அதற்கப்புறம் எதையும் அமுக்க வேண்டியது இல்லை. பில் 5000-க்குள் இருக்கிறவரை மெஷினும் பின் நம்பர் கேட்காது. சித்திரை மாத மாத்திரைக்கு முதல் தடவை வாட்ச்சோடு வந்தார். 3,940 ரூபாய். நான் மெஷினைத் தூக்கி அவர் கை பக்கம் கொண்டுபோகவில்லை, வேண்டுமென்றேதான். மேஜையில் வைத்தேன். இடது கையைத் தூக்கினார். கை ஆடியது, ஆடியபடியே மெஷினின் மேல் இறங்கியது. நடுக்கத்தை மெஷின் கணக்கில் எடுக்கவில்லை. பக்கத்தில் வந்தால் போதும் அதற்கு. பீப். சீட்டு வந்தது. அவர் சீட்டை வாங்கி, தொகையைப் படித்துச் சரி பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “முடிஞ்சுதாம்மா?” என்றார். முடிஞ்சுது சார் என்றேன். பின்னால் நின்ற யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகையால் யாருக்கு வாங்கச் சொல்வேன் என்றால், கை நடுங்குகிறவர்களுக்கு, கண் மங்கித் திரையின் எண் தெரியாதவர்களுக்கு, மழையில் வண்டி ஓட்டியே பிழைப்பவர்களுக்கு, அதிலும் அவர்கள் போகிற மருந்துக்கடை, பங்க், மளிகையில் மெஷின் இருந்தால் மட்டும். மற்றவர்களுக்குப் போனும் யுபிஐ லைட்டும் போதும். பெருமைக்கு வாங்க வேண்டாம்.

என் கடையில் மெஷின் இவ்வளவு நாள் கஸ்டமருக்கு வலது பக்கம், கல்லாவை ஒட்டி இருந்தது. அவர் வந்துபோன மறுநாள் அதை அவர்களுக்கு இடது பக்கம், தைலம் அடுக்குகிற தட்டுக்குப் பக்கத்தில் மாற்றி வைத்தேன். ஒயர் எட்டவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அங்கே தனியாக ஒரு பிளக் பாயிண்ட் போடச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.